இரண்டாவது எழுத்து

வெள்ளிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது.
அராத் விரிகுடாப் பூங்காவில்
நடைபாதை விளக்குகள் இன்னும் அணையவில்லை.
கடல் பின்வாங்கிச்
சேற்றைத் திறந்துபோட்டிருக்கிறது.
நைட் டியூட்டி உடுப்போடேயே வந்துவிட்டேன்,
மேலே ஒரு கம்பளிச் சட்டை,
கழுத்தில்
மாரிவிக் கனடா போகிற அவசரத்தில்
நான்கு தவணைக்கு விற்றுவிட்டுப் போன கேமரா.

லென்ஸ் மட்டும் ஆயிரத்து அறுநூறு கிராம்.
கைகளுக்குத் தெரிந்த எடைதான்.
எங்கள் வார்டில் அதைத் தொட்டுவிட்டால்
இன்குபேட்டரை விட்டுத் தொட்டிலுக்கு மாற்றுவதைப் பற்றிப்
பேச ஆரம்பிப்பார்கள்.

முதலில் ஒரு கோட்டான்.
வளைந்த அலகை வேர்வரை சேற்றுக்குள் விட்டு
மோதிரம் தொலைத்தவள் போலத் துழாவுகிறது.
அப்புறம் பவளக்காலிகள் நான்கு,
அத்தனை சிவப்பையும்
அழுக்காக்கிக்கொள்வதில் வருத்தமே இல்லாமல்.
தூரத்தில் பூநாரைகள்.
வருகிறவர்கள் எல்லாரும் அவற்றைத்தான் எடுக்கிறார்கள்.

எனக்கு உப்புக்கொத்தி போதும்.
ஓடும், நிற்கும்.
ஓடும், நிற்கும்.
நின்ற இடத்தில் ஒரு கொத்து.
பெயர் வைத்த ஆள் ரொம்ப யோசிக்கவில்லை,
பார்த்ததைச் சொல்லிவிட்டுப்
போய்விட்டார்.

பறவைக்கு ஏது விசா என்று
ஒரு வரி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
இங்கே தமிழ்ச்சங்க ஆண்டுமலர் எல்லாவற்றிலும்
அது வந்தாயிற்று.

"இத்தனூண்டுக்கா இவ்வளவு பெரிய லென்ஸ்?"
காவலாளி தில்மான் இந்தியில் கேட்டுவிட்டுச்
சிரிக்காமல் நிற்கிறான்.
தலைக்கு மேல் விமானம் ஒன்று
சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்குகிறது.
ஒரு பறவையும் நிமிரவில்லை.
யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்,
கரையே எழுந்து போய்
ஒரு சுற்றுச் சுற்றி
அதே இடத்தில் உட்கார்ந்தது.

அப்போதுதான் கண்டேன்.
ஒன்றின் இடது காலில் பச்சைப் பட்டை.

ஏதோ ஒரு நாட்டில்
யாரோ இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.
எப்படி என்று எனக்குத் தெரியும்.
கழுத்து இரண்டு விரலுக்கு நடுவே,
மிச்சம் உள்ளங்கையில்,
அழுத்தாமல், விடாமல்.

முழங்கையைக் கல்லில் ஊன்றி
மூச்சை நிறுத்தி அழுத்தினேன்.
நூற்றெழுபது படம்.
நூற்றறுபத்தெட்டில் பறவை இருந்த இடம் மட்டும்.
மீதி இரண்டில்
முதல் எழுத்து 'கே'.
அடுத்தது 'ஈ'யோ 'எஃப்'போ,
கீழ்க்கோடு இருக்கவேண்டிய இடத்தில் சேறு.

வார்டில் யூகிக்கக் கூடாது.
பத்தாம் எண் இன்குபேட்டரில்
'பேபி ஆஃப் ஹவ்ரா' என்றுதான் எழுதியிருக்கும்.
இன்னும் பெயரில்லை.
அப்பா வருவார், கண்ணாடிக்கு வெளியே நிற்பார்,
எதுவும் கேட்காமலே போய்விடுவார்.
நேற்றிரவு மூன்றரைக்குப் பார்த்தேன்,
அவள் கணுக்காலில் பட்டை பதிந்து கிடந்தது.
ஒரு துளை தள்ளிப் போட்டேன்.
நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாகத்
தளர்த்துகிற பக்கம்.
சார்ட்டில் அதைக் குறிக்கக் கட்டம் கிடையாது.

நோட்டில் எழுதுகிறேன்:
உப்புக்கொத்தி, ஒன்று. இடது கால், பச்சை. கே.
இரண்டாவது எழுத்து
படிக்க முடியவில்லை.

ஏழு மணிக்குத் தண்ணீர் திரும்பத் தொடங்கியது.
அலசிக் கொடுக்கும், பார்த்துவிடலாம் என்று
கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.
தண்ணீர் வர வர
ஒவ்வொன்றாகப் பின்வாங்கி மேட்டில் ஏறின.
அதுவும் ஏறியது.
இப்பக்கம் ஒருமுறை பார்த்தது.
பட்டை போட்ட காலை மடக்கி
வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு
ஒற்றைக் காலில்
தூங்கிப்போயிற்று.

ஏழு நாற்பதுக்கு என் பஸ்.