நட்சத்திரமிட்ட பெட்டி

பாயான் லெப்பாஸ், ஆறாவது மாடி, இரவு பத்தே முக்கால்.
நோயாளிப் பதிவுப் படிவம்
காலை எட்டுக்குள் வேண்டுமாம் மருத்துவமனைக்கு.
சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி தேவை.
நான்தான் இருந்தேன்:
யோகமலர் ஏ/பி கருப்பண்ணன்.

எடுத்த எடுப்பில் சிவப்பு.
'பெயரில் செல்லாத குறியீடு.'
அப்பாவுக்கும் எனக்கும் நடுவே
சாய்ந்து நிற்கும் அந்த ஒற்றைக் கோடு.
அடையாள அட்டையில் நாற்பத்தொரு வருடமாகச் செல்கிறது.
ஹஃபிஸ் பெயரில் 'பின்' உண்டு, கோடு இல்லை;
எழுதும்போது நினைவு வந்திருக்காது.
அவன் வரியைத் திருத்தி
அப்பாவை உள்ளே கூட்டிவந்தேன்.

வயதை வாசித்து ஒன்று கூட்டச் சொன்னால்
நானூற்றுப் பதினொன்று என்கிறது.
பெட்டிக்குள் போனதெல்லாம் அதற்கு எழுத்து;
எண் என்று நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

'ஒவ்வாமை உண்டு' என்ற சின்னச் சதுரம்
டிக் இட்டாலும் இடாவிட்டாலும்
மதிப்பென்ன என்றால் 'ஆன்' என்றே சொல்லும்.
அதனிடம் வேறு மாதிரி கேட்கவேண்டும்:
உன்னிடம் என்ன இருக்கிறது என்றல்ல,
உன்னைத் தொட்டார்களா என்று.

அவசரத் தொடர்பு.
சிவப்பு நட்சத்திரம், கட்டாயம்.
நான் யோசிக்கும் முன்பே
உலாவி தானாக நிரப்பிவிட்டது:
சந்திரவதனன். உறவு, கணவர்.
ஏப்ரலில் கோர்ட்டில் முடிந்தது அது.
உலாவிக்கு யார் சொல்வது?
அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை.

அழித்தேன்.
விசைப்பலகையைத் தொடாமல்
ஸ்கிரிப்டில் ஒரு வரியாக எழுதினேன்:
கிம் சூ, மேல்மாடி, ரெலாவ்.
திரையில் பெயர் பளிச்சென்று நிற்கிறது.
படிவமோ காலி என்கிறது இன்னும்.
'அனுப்பு' சாம்பல் நிறத்தில் உறங்குகிறது.

தெரிந்த கோளாறுதான்.
மதிப்பை மாற்றினால் போதாது,
மாறியதென்று தனியே குரல் கொடுக்கவேண்டும்;
இல்லையென்றால் காத்திருக்கும் காதுகளுக்கு
ஒன்றுமே நடக்கவில்லை.

அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். பொத்தான் நீலமானது.

பிறகுதான் தோன்றியது, அவளிடம் கேட்கவே இல்லையே.
செய்தி அனுப்பினேன்:
'மருத்துவமனைப் படிவத்தில்
அவசரத்துக்கு உன் எண்ணைப் போடலாமா?'

தூரத்தில் பாலத்து விளக்குகள் மழையில் கரைகின்றன.
பதில் வரவில்லை.
ஒரு நிமிடம். இரண்டு.
போன் அடித்தது.
பின்னால் வைப்பர் தேய்க்கும் சத்தம், ஹாரன்,
மூச்சு வாங்கக் கிம் சூ:
'சோங்சான் வழியா வந்துகிட்டிருக்கேன்.
வார்டு எத்தனை?'