மூன்றாம் பக்கத்தின் அடியில்

கம்பெனியின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.
நாற்பத்தேழாம் பக்கத்தில் நிற்கும் ஆறுகை மிருகத்தின் பெயர்
தங்களுடையது என்றார்கள்.
மிருகத்தை வைத்துக்கொள்ளலாமாம்,
அதன் கைகளையும் பசியையும்
அது பாயும்போது உருட்டும் பத்துமுகப் பகடையையும்.
பெயரை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்,
கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டைப் போல.

சாட்ஸ்வர்த்தில் அன்று எட்டிலிருந்து பத்துவரை லோட்ஷெடிங்.
போன் வெளிச்சத்தில் கிரீசன் அந்தப் பெயரை அடித்தான்.
மேலே 'பஸ் டிக்கெட்' என்று எழுதினான்.
எங்கே ஒளிந்திருக்கிறது என்று
தேடும்போது மட்டும் தெரியாதாம்.
சிரித்தோம்.
அந்த வாரமே லெவஷ்னி பஸ் டிக்கெட்டின் கையால் செத்தாள்.
பெயர் மாறியதால் ஒரு பல்லும் விழவில்லை அதற்கு.

பிறகு எங்கள் முறை.

மூன்றாம் பக்கத்தில் லைசென்ஸ்.
விதிகளை யாரும் எடுக்கலாம்,
திருத்தலாம், தலைகீழாகத் தொங்கவிடலாம், விற்றுச் சாப்பிடலாம்.
எங்கிருந்து எடுத்தாய் என்று ஓர் ஓரத்தில் சொன்னால் போதும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள்.
நாங்கள் படியைத் தேடவில்லை.
அடியில் ஒரு வரி:
'கீழ்க்காணும் பெயர்கள் மட்டும் எங்களுக்கே உரியவை.'
அதன்கீழ் வெள்ளையாய் இடம்.

கிரீசன் நாற்பத்தொரு பெயர் கொண்டுவந்தான்.
முதலில் முனி.
அடுத்த தெருவில் வருஷத்துக்கொரு சேவல் வாங்கிக்கொண்டு
சுருட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்,
அவரிடம் போய் யார் சொல்வது,
இனிமேல் எங்களைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று?
அடித்தேன்.
இசிபிங்கோ. ஆறு அது. எங்களுக்கு முன்பே ஓடுகிறது,
எங்கள் மொழியில் அல்ல.
அடித்தேன்.
நடுவில் அவனுடைய குடும்பப் பெயரும் இருந்தது.
கப்பல் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்,
இரண்டு எழுத்து கூடுதல், ஒன்று குறைவு.
அந்தப் பிழைக்கு உரிமை கேட்டு
இதுவரை யாரும் கடிதம் போடவில்லை என்றேன்.
அவனே அடித்தான்.

நாற்பது போயிற்று.
மிச்சம் சில்லறைநாயகம்.

குபேனின் திருடன்.
டோங்காட் சுங்கச்சாவடியில் இரவு ஷிப்டில்
மீதிக்காசு எண்ணிக்கொண்டே குபேன் கண்டுபிடித்த ஆள்.
யார் மடியிலிருந்தும் எடுப்பான்,
கணக்குப் பார்த்து மீதியைத் திருப்பி வைப்பான்.
கடைசி வியாழக்கிழமை
சர்க்கரை ஆலைக் கூரையில் கயிற்றோடு நின்றான்.
குதிக்கிறேன் என்றான் குபேன்.
மணி பதினொன்றரை,
அடுத்த வாரம் உருட்டலாம் என்றேன் நான்.

நான்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் நாற்காலியில் மாலை இருந்தது.

"திறந்து விடு," என்றான் கிரீசன்.
"நூறு மேசையில் விளையாடட்டும் அவன்."
நூறு மேசை என்றால் நூறு பகடை.
முகம் தெரியாத எவனோ சோடா குடித்துக்கொண்டே
கூரையிலிருந்து அவனைக் குதிக்க வைப்பான்.
ஒன்று விழும்.
முடியாது என்றேன்.
கிரீசன் பேசாமல் கோப்பை கழுவப் போனான்.
வெள்ளை இடத்தில் ஒரே ஒரு பெயரைத் தட்டச்சு செய்தேன்.

புத்தகம் வந்து ஐந்து மாதம்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பையன்,
பெயர் தெவேஷன், கல்லூரி மாணவன்,
எங்கள் விதிகளில் தன் ஆட்டத்தைக் கட்டி அனுப்பியிருந்தான்.
பஸ் டிக்கெட்டுக்கு எட்டுக் கை ஆக்கியிருந்தான்.
முனிக்கு ஒரு மோட்டார் சைக்கிள்.
ஓரத்தில் எங்கள் பெயர், சின்ன எழுத்தில், முறையாக.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சந்தை.
மூலையில் பெட்டிக்கடை.
கீழே அவன் குறிப்பு:
'கடையில் ஓர் ஆள் இருப்பார். பெயர் சொல்ல அனுமதி இல்லை.
அவரோடு சண்டையிட விதி கிடையாது.
எவ்வளவு நீட்டினாலும்
மீதி சரியாக இருக்கும்.'