செக்குபந்தி

மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டின ஆறடிக்கு எட்டடியில்
பதினோரு வருஷமாகப் பத்திரம் அடிக்கிறேன்.
வடக்கில் தெரு, கிழக்கில் கலியமூர்த்தி வகையறா மனை,
இதற்குட்பட்ட கிணறு, மரம், வழிநடைப் பாத்தியம்.
ஊருக்கெல்லாம் எல்லை எழுதிக்கொண்டிருந்ததில்
என் வலது தோள் எப்போது
கைமாறிப் போனதென்று தெரியவில்லை.

முதலில் ஜாக்கெட் கொக்கி எட்டவில்லை.
பிறகு பஸ்ஸில் மேல்கம்பி.
நெல்லிக்குப்பம் வரைக்கும்
யாரோ ஒருவரின் சீட்டு முதுகைப் பிடித்தபடி நிற்பேன்.
ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால்
எலும்புக்குள் சர்வேயர் முளைக்குச்சி அடிக்கிறார்.

தைலம், ஊசி, ஓரகத்தி சொன்ன ஒத்தடம்.
கடைசியில் செம்மண்டலத்தில் ஒரு மாடி.
பிசியோதெரபிஸ்ட் பெயர் தில்ஷாத்.
தோளை அவள் தொடவே இல்லை.
"கடையில உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்றாள்.
இல்லாத கீபோர்டில் இல்லாத பத்திரம் அடித்தேன்.
பக்கவாட்டில் படமெடுத்துக் காட்டினாள்.
போனுக்குள் அரிவாள் போல வளைந்த ஒருத்தி,
காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து
நாலு விரற்கடை முன்னால்.
சுத்தமான ஆக்கிரமிப்பு.

"தலையே அஞ்சு கிலோ இருக்கும்க்கா.
அது முன்னாடி போனா முதுகு கூனும்,
முதுகு கூனினா தோள்பட்டை சரியும்.
கையத் தூக்குறப்ப உள்ள தசைநார் போறதுக்குக்
கொஞ்சம் வழி வேணும்.
நீங்க வழிய அடைச்சிட்டீங்க."

வழி அடைத்த கேஸ் எனக்குத் தெரியும்.
முன்சீப் கோர்ட்டில் இருபது வருஷம் ஓடும்.

"எத்தனை நாளா இப்படி?"
கம்ப்யூட்டர் வாங்கினதிலிருந்து என்றேன்.
பொய்யில்லை. ஆனால் மூலப்பத்திரம் அதுவல்ல.
எட்டாம் வகுப்பில் என் பெயர் ஒட்டடைக்குச்சி.
பிறகு இவர்.
என்னைவிட மூன்று விரல் குட்டை.
கல்யாண போட்டோவில்
பட்டுப்புடவைக்குள் முழங்கால் மடக்கி நிற்கிறேன்.
அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.
தில்ஷாத்திடமும் சொல்லவில்லை.

சுவரில் விரலால் நடக்கச் சொன்னாள்.
வலிக்கிற இடத்தில் நின்று பென்சிலால் ஒரு கோடு.
முகவாயை உள்ளே இழுத்துப் பத்து எண்ண வேண்டும்.
பச்சை ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி
முழங்கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்,
முதுகில் இரண்டு எலும்புக்கும் நடுவே
ஒரு புளியங்கொட்டை இருப்பதாக நினைத்து.
மூன்றாம் வாரம் வரை அது நசுங்கவில்லை.
அவள் முன்னாலேயே அழுதேன்.
"அழுங்க. எண்ணிக்கைய விட்டுடாதீங்க" என்றாள்,
"ஏழு."

கடையில் மானிட்டருக்கு அடியில்
பழைய வழிகாட்டி மதிப்புப் புத்தகம் மூன்று வைத்தேன்.
செல்லாத மதிப்பு, கண்மட்டத்துக்குச் சரியாக இருந்தது.
பாகப்பிரிவினைக்கு வந்த ஒருவர்
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"என்னம்மா, எங்க மேல எதாவது கோவமா?"

கெடிலத்தில் தண்ணீர் வந்தபோது
பென்சில் கோடு காலண்டர் ஆணியைத் தாண்டியிருந்தது.
கொக்கி மாட்டியது.
மேல்கம்பி, பாதி நாள்.
மழை இருட்டினால் முளைக்குச்சிக்காரர் இன்னும் வருகிறார்,
சுத்தியலை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு.

வாஷ்பேசின் கண்ணாடி அவர் உசரத்துக்கு மாட்டியது.
இப்போதெல்லாம் அதில்
என் பொட்டு வைக்கிற இடம் தெரிவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை டொக் டொக் சத்தம்.
ஒன்றும் சொல்லாமல் ஆணியைப் பிடுங்கி
மூன்று விரல் மேலே அடித்துக்கொண்டிருந்தார்.
பழைய ஓட்டையில் கொஞ்சம் பேஸ்ட் அப்பினார்.

இன்று காலை சவரம் செய்கையில்
குதிகால் இரண்டையும் தூக்கி நிற்கிறார்.
கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.
கடையில் இன்னும் ஒரு மதிப்புப் புத்தகம் கிடக்கிறது,
நல்ல தடிமன்.
புத்தகத்தை மிதிக்கக் கூடாதுதான்.
செல்லாததை மிதிக்கலாம்.