பொழிக்கு இந்தப் பக்கம்

மின்விசிறிக் காற்றில் வரைபடம்
எழுந்து எழுந்து பறந்தது.
ஒரு மூலையில் யாருடையதோ கைப்பேசி, ஒரு மூலையில் தேங்காய்,
மூன்றாவதில் ததேயுஸின் உள்ளங்கை.
நான்காவது மூலை கடைசிவரை சுருண்டே கிடந்தது.
அங்கேதான் பொழி இருந்தது.

குறிப்பெழுதும் வேலை எனக்கு.
பாதையின் நீளம் ஆயிரத்து இருநூறு மீட்டர் என்று எழுதினேன்.
'கடலோரப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் வகையில்' என்று
நாகர்கோவிலிலிருந்து வந்த ஹென்சிலின் மேடம் சொன்னதை
சொன்ன வேகத்திலேயே எழுதினேன்.
பண்பாடு என்ற இடத்தில்
நாற்பதடி உயரத்துக்கு ஒரு மீன்,
வாயிலிருந்து தண்ணீர் கொட்டியபடி நின்றது.

இது எந்த மீன்? ஜெனோவா கேட்டாள்.
பொதுவா ஒரு மீன், என்றார் மேடம்.
பங்கு அரங்கு சிரித்துவிட்டது.
பொதுவான மீனை மணக்குடியில் யாரும் பிடித்ததில்லை,
ஏலத்தில் விலை கூறியதுமில்லை.
'வாயில தண்ணி வர வைக்க முடியுமின்னா
எங்க தெருக் குழாயில வர வையுங்க'
என்றது பின்வரிசைக் குரல்.
அதையும் எழுதினேன். பெயர் போடவில்லை.

ததேயுஸ் கையை எடுக்காமலே பேசினான்.
இந்த மீன் கோயில் கோபுரத்தை மறைக்கும்.
கடலில் நின்று பார்க்கையில்
கோபுரமும் மருந்துவாழ் மலையும் ஒரு கோட்டில் வந்தால்
அடியில் பார் இருக்கிறது.
எங்களுக்கு அது கணியம்.
ஜிபிஎஸ் இருக்குமே?
'உண்டும் மேடம். அதுக்கு உப்புத்தண்ணி ஒத்துக்கிடாது.'

கார் நிறுத்துமிடம் என்ற சாம்பல் கட்டம்
பையன்களின் கோல் போஸ்ட்.
பன்னிரண்டு இருக்கைகள் என்ற இடத்தில்
பட்டப்பகலில் யார் வந்து உட்காரப் போகிறார்கள்?
அந்த வெயில் நெத்திலிக்கு உள்ளது.

பிறகு பசுமைப் பகுதி.
காலி இடம், புல்வெளி, ஊஞ்சல் இரண்டு.
விர்ஜிலாள் எழுந்து வந்து
அதன்மேல் விரலை வைத்தாள்.
'இங்க காலியா ஒண்ணும் இல்ல.'
அலை வந்துபோன மறுநாள்
அந்த மணலைத் தோண்டியவர்கள் நாலைந்து பேர்
அரங்கில் இருந்தார்கள்.
மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்.
'பசுமைப் பகுதி வேறிடத்துக்கு மாற்றப்படும்'
என்று ஒரு வரி எழுதினேன்.
அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் பொழிக்குப் போனோம்.
வரைபடத்தில் அங்கே மரப்பாலம்.
ஆனி மழையில் இந்த வருஷம் பொழி இங்கே உடைந்தது,
போன வருஷம் எண்பதடி மேற்கே.
மாசியில் வந்தால் ஆறே இருக்காது,
மணலில் நடந்து போகலாம்.
மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
நின்ற கரை காலடியில் கொஞ்சம் இடிந்தது.
இன்னும் கொஞ்சம்.
அவர் பின்வாங்கவில்லை, குனிந்து பார்த்தபடி நின்றார்.

அப்போ பாதை எங்கே போகும்?
'எங்கயும் போவண்டாம்,' என்றாள் ஜெனோவா.
'இங்க வந்து நிக்கட்டும்.
அக்கரைக்குப் போறவங்க வள்ளத்தைக் கூப்பிடட்டும்.'
நீலப் பென்சிலால் மேடம் பாலத்தை அடித்தார்.
அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது.

கீழமணக்குடிக்காரர்கள் அதற்குள்
அக்கரையில் கூடி நின்று
உரக்கக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுக்கும் பாதி பாதை இருக்கிறதே.
கச்சான் காற்று எதிரே அடித்து
ஒவ்வொரு சொல்லிலும் வாலைத் தின்றது.
'ராத்திரி விளக்கு வேண்'
வரைக்கும்தான் இந்தப் பக்கம் வந்தது.
டும் என்றார்களா, டாம் என்றார்களா?
திரும்பக் கேட்டோம். கையை ஆட்டினார்கள்.
அந்தக் கையாட்டலும் இரண்டுக்கும் பொருந்தியது.

'விளக்கு வேண்' என்றே எழுதி
மிச்ச வரியைக் காலியாக விட்டேன்.
அடுத்த கூட்டம் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு.
கீழமணக்குடியில்.