சோதித்தவர் கையொப்பம்

மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
குவைத்தில் ஒன்பது வருடம் ரத்தம் எடுத்தவளுக்கு
இங்கிலீஷ் வராமலா போகும் என்று.
மிடாலம் பங்குக் கூடம். மே மாதம்.
மூன்று ஃபேனில் ஒன்று சுற்றியது.

வந்தவள் பெயரைப் பலகையில் எழுதினாள்: தெரெத்தியா.
வாயால் சொன்னபோது தெரேசியா.
அவர்கள் எழுத்தில் 'ச' கிடையாதாம்,
'தி' என்று எழுதி 'சி' என்று வாசிப்பார்களாம்.
"அப்பம் நம்ம தெரசம்மதான்" என்றாள் மெற்றில்டா.
நாற்காலிகள் நகர்ந்து இடம் கிடைத்தது.

எங்கள் விசைப்படகுகள் சுறா தேடிப் போகும் தூரத்துக்கும்
அப்பால், அதற்கும் அப்பால் அவள் தீவு.
வெள்ளைக்காரன் அங்கே குண்டு வெடித்தபோது
அவளுக்கு ஆறு வயது.
"டெஸ்ட்" என்றாள்.
நான் "சோதனை" என்றேன்.

அந்தச் சொல்லில் கூடமே தடுக்கி விழுந்தது.
சோதனையில் விழாமல் காக்கச் சொல்லி
ராத்திரிதோறும் மன்றாடுகிற வாய்கள்.
சிலுவைதாசன் எழுந்தார்:
"சோதன பிசாசு குடுக்கியதுல்லா?
இத ஆரு குடுத்தது?"

திருத்தினேன்: பரிசோதனை.
'பரி' சேர்ந்ததும் சொல் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது.
முன்வரிசையில் நாலு பேர்
முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டார்கள்.
நான் குத்திய இடம்.
அதில் இரண்டு பேரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியது
என் காகிதம்.

அவள் நிறுத்தவில்லை.
குண்டு நாளில் எல்லோரையும் கப்பலில் ஏற்றி
கீழ்த்தட்டில் அடைத்துப் படம் போட்டார்களாம்.
கார்ட்டூன். ஒரு வாத்து ஏணியிலிருந்து விழுந்தது.
பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கையில்
கப்பல் ஒருமுறை குலுங்கியது.
திரும்பி வந்தபோது
கண் வெந்த பறவைகள் தென்னையில் மோதிக்கொண்டிருந்தன.
அப்பா மறுநாளும் மீனுக்குப் போனார்.
வேறு எதைத் தின்ன?

கூடம் சத்தமில்லாமல் இருந்தது என்று எழுத ஆசைதான்.
ஆனால் யாரோ சிரித்தார்கள்.
"நமக்கும் வேனுல படம் கொண்டு வந்தாவல்லா!"
கருமணல் அள்ள வந்தவர்கள் காட்டிய படம்.
தோண்டினால் கதிர் குறையுமாம்,
தோண்டிய குழியில் மரம் வளருமாம்.
அந்தப் படத்துக் கடப்புறத்தில்
ஒரு வள்ளம் இல்லை, வலை இல்லை,
வெளிக்கிருக்கப் போகிற ஒரு கிழவன்கூட இல்லை.

மெற்றில்டா கேட்டாள்:
"ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா?"
மொழிபெயர்த்தேன்.
கேட்டார்கள் என்றாள் தெரெத்தியா.
நீந்தத் தெரியுமா என்று.

பிற்பாடு வழக்குக்குப் போனாளாம்.
அளந்த கணக்கைக் காட்டுங்கள் என்றதற்கு
பட்டாளத்தார் சட்டையில்தான் அளவுக் கருவி குத்தினோம்,
தீவு ஆட்களுக்குக் குத்தவில்லை,
ஆகவே உங்களுக்குப் பாதிப்பு என்பதற்கு
அளவு எதுவும் இல்லை என்று பதில்.
இதை மொழிபெயர்க்க எனக்குக் கஷ்டமாக இல்லை.
இந்த வாக்கியம் எங்களிடம் தமிழிலேயே இருக்கிறது,
முத்திரையோடு.

காலையில் கருங்கல் லேபைத் திறந்தேன்.
ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.
"எடுக்கட்டா?" என்று கேட்டு
தலையாட்டிய பிறகுதான் குத்துவேன்.
சர்க்கரை நூற்றுப் பத்து என்று எழுதினாலும்
அடியில் சோதித்தவர் கையொப்பம் வேண்டும்.
செலின் ரோஸ், தேதி, நேரம்.
ஓர் எண் பிசகினால்
யார் வேண்டுமானாலும் என் வாசலில் வந்து கத்தலாம்.
கத்தியிருக்கிறார்கள். ஒருமுறை செருப்போடு.

அவள் தந்துவிட்டுப் போன நகலை
மத்தியானம் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் விரித்தேன்.
வெடித்த நாள், காற்றின் திசை, மேகத்தின் உயரம்,
எல்லாம் அச்சுப் பிசகாமல்.
கடைசித் தாளின் அடியில்
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஜெராக்ஸ் மிஷின் இழுத்த கறுப்புக் கோடு.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பைத்தியம்தான்.

நாளைக்கு மெற்றில்டா வருகிறாள்,
கழுத்தில் ஏதோ தட்டுப்படுகிறதாம்.
வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன்.