பத்து பத்துக்கு

காற்றைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
புன்டா அரேனாஸில் எது நடந்தாலும்
முதல் குற்றவாளி அதுதான்.
கூரைத் தகரத்தை உரிக்கும்,
தெருமுனையில் நிற்பவரைக்
கம்பத்தைக் கட்டிப்பிடிக்க வைக்கும்.
என் விளையாட்டை அறுப்பதா
அதற்குப் பெரிய வேலை?

இரவு பத்து பத்து.
பனிக்கோட்டையின் மூன்றாம் வாயில்.
ஐவரில் நான்தான் வைத்தியக்காரி.
ஜுராந்திரின் உயிர் கால்வாசிக்குச் சரிந்துவிட்டது.
மருந்துக்கான விசையை அழுத்துகிறேன்.
எல்லாரும் சிலையாகிறார்கள்.
ஓங்கிய கோடரி ஓங்கியபடியே.

திரும்பி வரும்போது நான்கு பிணங்கள்.
அவர்கள் திரையில் நான்
சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தேனாம்.
சுவர் அசையவில்லையாம்.
கிராசியேலா சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மறுநாளும் பத்து பத்து.
அதற்கு மறுநாள், பத்து பன்னிரண்டு.

ரவுட்டரைப் பிடுங்கி முப்பது எண்ணச் சொன்னார்கள்.
அறுபது எண்ணினேன்.
வைஃபை வேண்டாம் என்றார்கள்.
கூடத்திலிருந்து அறைவரை
மஞ்சள் கேபிள் ஒன்றை இழுத்தேன்,
வாசற்படிமேல், கம்பளத்துக்கு அடியில்.
கேபிளுக்குப் பின்பு
நிலைமை இன்னும் மோசம்.

பகலெல்லாம் நண்டு ஆலையில்
சிவந்த கால்களை உடைத்துச் சதை எடுக்கிறவள் நான்.
எந்த மூட்டில் அழுத்தினால் ஓடு விடும்
என்று விரலுக்குத் தெரியும்.
இதில் மூட்டே அகப்படவில்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.
பச்சை விளக்கு எரிகிறதா என்றான் ஒருவன்.
இப்போது எரிகிறது.
அப்படியானால் இணைப்பு இருக்கிறது, அம்மணி.
இருக்கிறது.
பத்து பத்துக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன்.
அலுவல் நேரம் ஆறு மணிவரை.

கிராசியேலாதான் வழித்தடம் பார்க்கச் சொன்னாள்.
கறுப்புப் பெட்டியில் ஒரு கட்டளை,
அது தப்பும் நேரத்திலேயே தட்டு.
வீட்டிலிருந்து சாவோ பாவ்லோ சர்வர்வரை
பதினான்கு தாவல் என்று கணக்கு.
கடலடியைச் சந்தேகித்தேன்,
மலைத்தொடரை,
பெயர் தெரியாத ஊரில்
தூசி படிந்த ஏதோ ஒரு பெட்டியை.
வந்தது முதல் வரி.
முதல் வரியிலேயே
நட்சத்திரக் குறி, நட்சத்திரக் குறி, நட்சத்திரக் குறி.

படிதாண்டவே இல்லை
என் பாக்கெட்டுகள்.

நான்காம் இரவு விளையாடவில்லை.
ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
ரவுட்டர் விளக்கையும் கதவையும்
ஒரே பார்வையில் வைத்துக்கொண்டேன்.

பத்து ஐந்து. சாவிச் சத்தம்.
நிபால்தோ கப்பல் பட்டறையிலிருந்து வருகிறான்.
பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான்.
வெங்காயம், கத்தி, சட்டி.
அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு
கூடத்தைக் கடந்து வந்து
என் அறைக்கதவை
இரண்டு கையாலும் பிடித்து
தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல்
மெல்ல, மிக மெல்லச் சாத்துகிறான்.

நாக்கு துளையில் விழுந்தது.
பச்சை அணைந்தது.

கதவைத் திறந்தேன்.
அவன் பயந்துவிட்டான்.
கம்பளத்தைத் தூக்கிக் காட்டினேன்.
மஞ்சள் தோல் நசுங்கி
செம்பு பல்லிளித்தது.

நீதானே சொன்னாய், என்றான்,
விளையாடும்போது சட்டிச் சத்தம் ஆகாதென்று.
நானா? எப்போது?
மார்ச்சில்.

மார்ச்சில் ஏதோ எரிச்சலில்
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொல்லியிருப்பேன்.
எனக்கு அது தொலைந்தே போயிற்று.
அவனிடம் ஓர் எழுத்துகூடச் சிந்தாமல்
போய்ச் சேர்ந்திருக்கிறது.

சனிக்கிழமை அரம் கொண்டுவந்து
கதவின் கீழ்மூலையில்
சுண்டுவிரல் அளவு பள்ளம் தேய்த்தான்.
புதுக் கேபிள். பிங் தொண்ணூற்று நான்கு.
பள்ளம் இருந்தும்
கதவைத் திறந்தே வை என்றேன்.

மூன்றாம் வாயில் திறந்தது.
அது என்ன சத்தம் என்றான் ஜுராந்திர்.
கரண்டி.
மழை என்று நினைத்தேன் என்றான்.

நான்காம் வாயிலில் ஐவரும் செத்தோம்.
இணைப்பு கண்ணாடிபோல் இருந்தது.
வெளியே காற்றுகூட இல்லை.
மருந்தைத்
தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டேன்.