திகதி

மாசிக் கடைசிச் சனி என்றுதான் முதலில் எழுதினேன்.
ரிக்கற் விலை கூட என்றது றொரன்ரோ.
சித்திரைக்கு மாற்றினேன்.
வெயில், பிள்ளையளுக்குத் தோல் உரியும் என்றார்
லண்டனிலிருந்து ஒருவர்.
அவர் பிள்ளைகள் இருவரும் என்னைவிட உயரம்.
வைகாசியில் இங்கே ஒருவரும் கப்புக்குப் பந்தடிப்பதில்லை.
அதை நான் சொல்லவும் இல்லை,
அவர்கள் கேட்கவும் இல்லை.
ஆவணியில் நல்லூர்.
கார்த்திகையில் மைதானத்துக்குக் கொக்கு வந்துவிடும்.

நடுச்சாமம் ஒன்றரைக்குச் சூம் கூட்டம்.
அங்கே பின்னேரம் நாலு, கையில் கோப்பி.
ஆடி இரண்டாம் சனி என்று முடிந்தபோது
பொருளாளர் குரலைத் தணித்துச் சொன்னார்:
"ரீச்சர், வெல்லக்கூடிய ரீமாப் பாருங்கோ.
இருபது மணித்தியாலம் பறந்து வந்து
தோல்வியைப் பாக்கேலாது."

தீவுப் பள்ளிக்கூடத்துக்கு எழுதினேன்.
மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் ஒருவனுக்குக் காய்ச்சல்.
அதிபரின் பதில் ஒரே வரி:
வருகிறோம், கடைசிப் படகு ஐந்தரைக்கு.

எங்கள் ஆட்டம் எப்போதும் வலப்பக்கம்.
எமில்ரன் அங்கேதான் ஓடுவான்.
பந்து கிடைத்தால் எல்லாக் கால்களும் அவனைத் தேடும்.
இடப்பக்கக் கோட்டோரம் சாகித்தியன்
தும்பி பார்த்துக்கொண்டு நிற்பான்,
கலியாண வீட்டில் தெரியாத ஆள் போல.

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்:
வலம் இரண்டு, இடம் ஒன்று,
பிறகு நடுவால், பிறகு இடம்.
"என்ன ரீச்சர், குழம்புக்கு அளவா?"
சிரித்தார்கள்.
ஒரே படலையால் போய்வந்தால்
நாய்க்கும் நேரம் பாடமாகிவிடும் என்றேன்.
அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம்.
பாண்ட் வாத்தியம், பொன்னாடை, கேக்.
ஏழு பேர் பேசினார்கள்,
ஏழு பேருக்கும் இந்த மண்ணில் கால் வைத்ததும்
ஏதோ செய்ததாம்.
தீவுப் பெடியள் வரிசையில் நின்றார்கள்.
அவர்களுடைய கோல் காப்பாளன்
என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
கையை அல்ல, மணிக்கூட்டை.

மூன்று பத்துக்கு விசில்.
"எமில்ரனுக்குக் குடு! எமில்ரனுக்குக் குடு!"
கொட்டகைக்குள்ளிருந்து முப்பது வருடத்துக் குரல்கள்.
கொடுத்தார்கள்.
இரண்டு பேர் அவன் நிழலோடு ஒட்டிக்கொண்டார்கள்.
பந்து திரும்பி வந்தது, மறுபடி அங்கேயே போனது,
மறுபடி வந்தது.
பிறகு ஒருமுறை அது எங்கள் வலைக்குள் கிடந்தது.
கொட்டகையில் ஆரோ சோடாப் போத்திலை மெல்ல வைத்தார்.

இடைவேளையில் நான் வாய் திறக்கவில்லை.
தோடம்பழத் தட்டை மட்டும்
இடப்பக்கக் கோட்டில் கொண்டுபோய் வைத்தேன்.
தின்ன வேண்டுமென்றால் அங்கே நடக்க வேண்டும்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்,
எமில்ரன்தான் முதலில் திரும்பினான்.
பார்க்காமலே குறுக்கே அடித்தான்.
சாகித்தியனிடம் பந்து வந்தபோது
அவனைச் சுற்றி ஒருவருமில்லை.
காணியே அவனுடையது.
அவசரப்படவில்லை அவன்.
ஏதோ வாசித்துப் பார்ப்பவன்போல
இரண்டடி நடந்து, பிறகு அடித்தான்.

ஒன்றுக்கு ஒன்று.

வெளியே பஸ் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.
"பெனால்ரி வைப்பம்," பொருளாளர் ஓடி வந்தார்,
"கப் இருக்கு, கமரா இருக்கு, ஆர் வெண்டதெண்டு வேணும்!"
குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் என்றேன்.
"ஒரு அஞ்சு நிமிசம்…"
கடலுக்குச் சொல்லுங்கோ என்றேன்.
சப்பாத்துக் கழற்றாமலே பெடியள் பஸ்சில் ஏறினார்கள்.
சோற்றுப் பார்சல்களை யன்னலால் எறிந்தோம்.
கோல் காப்பாளன் தவறாமல் பிடித்தான்.

கப் மேசையில் நின்றது.
அதோடு நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள்.

ஆறு மணிக்கு அவர்களுடைய மாஸ்ரரின் செய்தி:
ஏறிட்டம். உங்கட பந்து ஒண்டும்
எங்களோட வந்திட்டுது.
வந்து எடுங்கோ.

காலையில் முதல் படகு எத்தனைக்கு என்று கேட்டிருக்கிறேன்.
பொருளாளருக்கு இன்னும் சொல்லவில்லை.